பசிக்குப் பரீட்சை!

“வேலை போயிற்று; வயிறு காய்கிறது” என்கிறான் ஒருவன். “மெய்ப்பித்துக் காட்டு” என்கிறது சட்டம். “கால்கள் ஒத்துழைக்கவில்லை, நடக்க இயலவில்லை” என்கிறாள் ஒருத்தி. “எத்தனை மீட்டர் தொலைவுக்கு இயலவில்லை?” என்று கேட்கிறது விண்ணப்பத் தாள். கேட்பவர் மேசைக்கு அப்பால். கேட்கப்படுபவர் மேசைக்கு இப்பால். இடையிலே கிடக்கும் அந்த மேசைக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் நாம் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மன்னர்கள் முடிசூடியதும், மாற்றான் மண்ணைக் கவர்ந்ததும், மாளிகைகள் எழுப்பியதும் வரலாறு எனப் பள்ளியிலே நமக்குப் பயிற்றுவித்தனர். வாரத்துக்குச் சில ஷில்லிங் நாணயங்களுக்காக மழையிலும் பனியிலும் வரிசையிலே நின்ற மக்களின் கதையை எவரும் பயிற்றுவிக்கவில்லை. ஆனால், ஒரு நாட்டின் நாகரிகத்தை அளந்தறிய அதன் கோபுரத்தைவிட அந்த வரிசையே நல்ல அளவுகோல். இங்கிலாந்தின் வரிசையைப் பார்ப்போம். எந்திரத் தொழில் முதலில் வளர்ந்ததும் அங்கேதான். எந்திரம் நின்றதும் எறியப்பட்ட மனிதனை என் செய்வது என்ற கேள்வி முதலில் எழுந்ததும் அங்கேதான்.

எலிசபெத் அரசியின் காலத்தில், 1601ஆம் ஆண்டில் பிறந்தது ஏழையர் சட்டம். ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் தன் ஏழைகளைத் தானே வரி திரட்டிக் காக்க வேண்டும் என்றது அது. முதியோர், முடமானோர், பார்வையிழந்தோர் ஆகியோருக்கு உதவி; உடலில் வலுவுள்ளோருக்கு வேலை; வேலையை மறுப்போருக்குத் தண்டனை. ஏழைகள் இப்படிக் கூறு போடப்பட்ட அன்றே ஒரு கேள்வியும் பிறந்துவிட்டது. “இவன் முடியாதவனா, முயலாதவனா?” நான்கு நூற்றாண்டுகள் உருண்டோடிவிட்டன, ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, உதவித்தொகையின் பெயர்கள் மாறின. அந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை!

1834இல் அந்தக் கேள்விக்கு விடை காண ஒரு கட்டடம் எழுப்பினர். பொருளாதார அறிஞர் நாசோ சீனியர், நிர்வாக நிபுணர் எட்வின் சாட்விக் ஆகியோர் முன்னின்று எழுதிய அறிக்கையின்மீது புதிய ஏழையர் சட்டம் எழுந்தது. உதவி பெறுபவனின் நிலை, உதவி பெறாமல் உழைத்து வாழும் மிக ஏழையான தொழிலாளியின் நிலையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட தத்துவம். உதவி வேண்டுமா? ‘ஒர்க் ஹவுஸ்’ எனப்பட்ட ஏழையர் விடுதிக்குள் வா! வாயிலிலே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், குழந்தைகள் மற்றொரு பக்கம். சீருடை, கஞ்சி, கல்லுடைத்தல், பழங்கயிறு பிரித்தல்.

விசாரணை வேண்டாம், சாட்சி வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். இவ்வளவு இழிவையும் ஏற்று உள்ளே வருபவன் மெய்யாகவே வக்கற்றவன். வர மறுப்பவன் தேவையில்லாதவன். இதுதான் அவர்கள் கணக்கு. எத்துணை எளிய கணக்கு! எத்துணைக் கொடிய கணக்கு! மானமுள்ளவன் பட்டினி கிடந்து செத்தால், அவனுக்குத் தேவையே இல்லை என்று ஏட்டிலே எழுதிக்கொள்ளலாம் அல்லவா?

1845இல் ஆண்டோவர் என்னும் ஊரின் விடுதியில் நடந்தது வெளிவந்தது. எருவுக்காக எலும்பை இடித்துத் தூளாக்கும் வேலை கொடுத்திருந்தனர். பசி தாளாத மக்கள் அந்த அழுகிய எலும்புகளில் ஒட்டியிருந்த தசைக்கும் மச்சைக்கும் ஒருவரோடொருவர் போட்டியிட்டனர். நாடு அதிர்ந்தது; பாராளுமன்றம் விசாரித்தது; 1847இல் ஏழையர் சட்ட ஆணையம் கலைக்கப்பட்டு வேறொரு வாரியம் வந்தது. வாரியம் மாறிற்று, விடுதி மாறவில்லை. ஏழையர் உதவி பெற்றவன் வாக்குரிமை இழப்பான் என்ற விதியோ 1918 வரை நின்றது. வயிற்றுக்குக் கஞ்சி வேண்டுமானால் வாக்கை விட்டுவிடு என்றார்கள், மக்களாட்சியின் தாயகம் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள்!

இந்தத் தத்துவம் கப்பலேறி நம் மண்ணுக்கும் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டன்மார் மறக்கவில்லை. வைசிராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், 1877இன் தொடக்கத்தில் நிவாரண வேலை செய்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியத்தை அளவாக வைத்துக் கூலியைக் குறைத்தார். வீட்டுக்கு அருகே வேலை கேட்கக் கூடாது. தொலைவிலுள்ள முகாமுக்கு நடந்து சென்று உழைக்க வேண்டும். நடக்கும் வலுவுள்ளவனுக்கே உதவி. வலுவிழந்து வீழ்ந்தவன் தேர்விலே தோற்றவன்! மாகாணத்தின் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ், இந்த உணவில் உழைக்கும் உடல் நிலைக்காது என்று அரசுக்கே எழுதி வாதாடினார். அதே ஆண்டில் கூலி உயர்த்தப்பட்டது. இலண்டனிலே எழுதிய சூத்திரத்தைச் சேலத்து உழவனின் விலா எலும்பிலே சோதித்துப் பார்த்தனர் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

கோபம் கனன்றது, தொழிற்சங்கம் வளர்ந்தது, வாக்குரிமை விரிந்தது. 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. எழுபது வயது கடந்த ஏழைக்கு வாரம் 5 ஷில்லிங். 1909 சனவரி முதல் நாளன்று முதியோர் அந்தப் பணத்தைப் பெற்றது விடுதி வாயிலில் அன்று, அஞ்சல் நிலையத்தில்! கடிதம் போட வருபவனும் காசு வாங்க வருபவளும் ஒரே சாளரத்தின் முன் நின்றனர். பணம் எவ்வளவு என்பது போலவே, எந்த வாயிலில் தரப்படுகிறது என்பதும் மனிதனின் மதிப்பைத் தீர்மானிக்கிறது. எனினும் பழைய நஞ்சு முற்றாகப் போய்விடவில்லை. ஏழையர் உதவி பெற்றோரையும், வழக்கமாக உழைக்க மறுத்தோர் எனக் கருதப்பட்டோரையும் விலக்கிவைக்கும் விதிகள் அந்தச் சட்டத்திலும் இருந்தன.

1911இல் லாயிட் ஜார்ஜின் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. நோயுற்ற ஆண் தொழிலாளிக்கு வாரம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு ஏழரை ஷில்லிங், 26 வாரம் வரை. அதன் பின்னும் உழைக்க இயலாதவர்க்கு 5 ஷில்லிங். கட்டடம், கப்பல் கட்டுதல், எந்திரம் முதலிய தொழில்களில் இருந்த இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, வேலை போனால் வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்குப் 15 வாரம் வரை. தொழிலாளி தன் கூலியிலிருந்து சந்தா கட்டினான், முதலாளி கட்டினான், அரசும் கட்டியது. அட்டையிலே வில்லை ஒட்டப்பட்டது. அந்த வில்லை சிறியதுதான். ஆனால், ‘பிச்சை’ என்ற சொல்லை அழித்து ‘பாத்தியதை’ என்ற சொல்லை எழுதியது அது!

தேர்வு இங்கும் இருந்தது. வேலைவாய்ப்பு நிலையத்திற்குச் சென்று கையெழுத்திட வேண்டும். தானாக வேலையை விட்டவனுக்கும், தவறிழைத்து நீக்கப்பட்டவனுக்கும் ஆறு வாரம் பணம் கிடையாது. ஆனால், அதிகாரி மறுத்தால் அதோடு கதை முடியவில்லை. முதலாளியின் பிரதிநிதியும் தொழிலாளியின் பிரதிநிதியும் நடுவர் ஒருவரும் அமர்ந்த மன்றத்தில் முறையிடலாம். அதற்கு மேல் தலைமை நடுவர் இருந்தார். மேசைக்கு இப்பாலிருந்தவனுக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. இந்த வரலாற்றிலே இதை நாம் சிறிய செய்தியாகக் கருத மாட்டோம்.

முதல் உலகப் போர் முடிந்தது. வீரர்கள் திரும்பினர், வேலைகள் திரும்பவில்லை. 1920இல் காப்பீடு ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளருக்கு விரிந்தது. மறு ஆண்டிலேயே ஒரு கண்ணியும் வைத்தனர். “மெய்யாகவே வேலை தேடினாயா?” என்று விண்ணப்பித்தவனிடம் கேட்டனர். வேலை காலியாக இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு அதிகாரிக்கு இல்லை. இல்லாத வேலையைத் தேடி அலைந்தேன் என்று காட்டும் பொறுப்பு தொழிலாளிக்கு! சுரங்கம் மூடிக்கிடந்த ஊரிலே, சுரங்கத் தொழிலாளி மூடிய கதவுகளைத் தட்டிவந்த கணக்கை ஒப்புவிக்க வேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்பினாய்? யாரைக் கண்டாய்? நேற்று எங்கே சென்றாய்? இலட்சக்கணக்கான விண்ணப்பங்கள் இந்த ஒரு விதியால் மறுக்கப்பட்டன. 1930இல்தான் அது நீங்கியது.

நீங்கிய மறு ஆண்டே அதனினும் கொடியது வந்தது. 1931! உலகப் பொருளாதாரச் சரிவு. ‘தேசிய அரசு’ என்ற பெயரில் கூடிய கூட்டணி ஆட்சி, ஆண் தொழிலாளிக்கு வாரம் 17 ஷில்லிங்காக இருந்த உதவியை 15 ஷில்லிங் 3 பென்சாக வெட்டியது. 26 வாரம் கடந்தும் வேலை கிட்டாதவனை வருவாய்ச் சோதனைக்கு உட்படுத்தியது. அவன் வருவாயை மட்டுமா சோதித்தனர்? மகனின் கூலி, மகளின் சம்பளம், தாயின் ஓய்வூதியம், சேமித்துவைத்த சில பவுன்கள் எல்லாவற்றையும் எண்ணினர். அதிகாரி வீட்டுக்குள் வந்தார். நாற்காலியைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். மகள் சம்பாதிக்கிறாளா? தந்தையின் உதவியைக் குறை! மகளின் கையை எதிர்பார்க்கும் தந்தை; தந்தைக்குச் சுமையாகிவிடக் கூடாதென வீட்டை விட்டே வெளியேறிய பிள்ளைகள். குடும்பமே தெய்விகம் எனப் பேசியவர்கள், சில ஷில்லிங் மிச்சம் பிடிக்கக் குடும்பத்தையே குலைத்தனர்.

மக்கள் வாளாவிருந்தனரா? இல்லை. வேலையற்றோர் இயக்கத்தினர் 1932இலும் 1934இலும் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இலண்டனுக்குப் பட்டினிப் படையெடுப்பு நடத்தினர். வடஅயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரிலே அதைவிட வியப்பான காட்சி! புராட்டஸ்டண்டும் கத்தோலிக்கரும் தெருவுக்குத் தெரு பகைத்து நின்ற நகரம் அது. 1932 அக்டோபரில், குறைந்த உதவிக்குக் கடும் வேலை வாங்கியதை எதிர்த்து இரு மதத்து வேலையற்றோரும் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்தனர். காவல்துறை சுட்டது, இருவர் மாண்டனர். ஆயினும் உதவித்தொகை உயர்ந்தது. பாதிரிகள் பல தலைமுறை பேசியும் ஒட்டாத உள்ளங்களைப் பசி ஒட்டவைத்தது! மதம் பிரித்த மக்களை உரிமை முழக்கம் இணைத்த அந்த நாள்களைப் பகுத்தறிவாளர் எவரும் மறக்கலாகாது.

1935 சனவரியில், புதிதாக அமைந்த வேலையின்மை உதவி வாரியம் நாடு முழுமைக்கும் ஒரே அளவை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பல ஊர்களில் அது பழைய தொகையைவிடக் குறைவு. தென்வேல்சின் பள்ளத்தாக்குகளில் இலட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தனர். மெர்த்தர் டிட்வில் நகரிலே பெண்கள் முன்னின்று வாரிய அலுவலகத்தையே முற்றுகையிட்டனர். பிப்ரவரி 5 அன்று அரசு பணிந்தது, வெட்டு நிறுத்திவைக்கப்பட்டது. மாற்ற முடியாதது எனப்பட்ட விதி ஏறத்தாழ ஒரு மாதத்திலே மாறிற்று.

1941இல், போரின் நடுவே, குடும்ப வருவாய்ச் சோதனை நீக்கப்பட்டது. 1942 டிசம்பரில் வில்லியம் பெவரிட்ஜ் தம் அறிக்கையை வெளியிட்டார். வறுமை, நோய், அறியாமை, அழுக்கு, வேலையின்மை ஆகிய ஐந்தையும் வீழ்த்த வேண்டிய அரக்கர்கள் என்றார். மக்கள் அந்த அரசாங்க அறிக்கையை வரிசையிலே நின்று வாங்கினர்! போருக்குப் பின் வந்த தொழிற்கட்சி அரசு அதைச் சட்டமாக்கிற்று. 1948 சூலை 5 அன்று புதிய திட்டம் நடைமுறைக்கு வந்தது. தனியாளுக்கு வாரம் 26 ஷில்லிங்; தம்பதியருக்கு 42. ஏழையர் சட்டம் அன்றோடு ஒழிந்தது என்று தேசிய உதவிச் சட்டம் எழுத்திலேயே கூறியது. 347 ஆண்டு முதுமை பெற்ற சட்டம் மண்ணுக்குள் போயிற்று.

அதன் ஆவியும் போயிற்றா? மாற்றுத் திறனாளிகளின் கதையைப் பார்த்தால் விடை தெரியும்.

தொழிற்சாலை விபத்திலே உறுப்பிழந்தவனுக்கு ஒரு பட்டியல் வைத்தனர். இரு கைகளும் போனால் நூற்றுக்கு 100, ஒரு கண் போனால் 40, கட்டைவிரல் 30, சுட்டுவிரல் 14. மனிதனை விழுக்காடாக்கும் இந்தப் பட்டியல் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதிலே ஒரு நேர்மையும் உண்டு. விரல் போயிற்று என்றால் போயிற்று. நீ நல்லவனா, சோம்பேறியா என்று எவரும் கேட்பதில்லை. இயந்திரம் பறிக்காத கால்களுக்கு, பிறவியிலோ நோயிலோ தளர்ந்த கைகளுக்கு, நெடுநாள் எதுவுமே இல்லை. 1965இல் இரு இல்லத்தரசியர் தொடங்கிய மாற்றுத் திறனாளர் வருமான இயக்கம் இதை எதிர்த்துக் குரல் எழுப்பியது. 1971இல் பராமரிப்புப் படி வந்தது. 1975இல் சந்தா கட்டாதவர்க்கும் ஓய்வூதியம் என்ற சட்டம் வந்தது.

அதிலும் பெண்ணுக்குத் தனி நீதி! திருமணமான பெண்ணுக்கு 1977இல்தான் அது நீட்டிக்கப்பட்டது. அதுவும் ஒரு தேர்வோடு. ஊதிய வேலை செய்ய முடியாதென்று ஆணைப்போல் அவள் காட்டினால் போதாது. வீட்டு வேலைகளையும் செய்ய முடியாதென்று காட்ட வேண்டும். சமைக்க முடிகிறதா? துணி துவைக்க முடிகிறதா? முடிகிறதென்றால் பணம் இல்லை! அடுப்படியே பெண்ணின் தொழிற்சாலை என்று சட்டப் புத்தகத்திலே எழுதிவைத்த இந்தத் தேர்வு 1984இல்தான் ஒழிந்தது.

2008இல் வந்தது வேலைத் திறன் மதிப்பீடு. கை தூக்க முடியுமா, படி ஏற முடியுமா, புதியவரிடம் பேச முடியுமா என வினாக்கள். விடைக்கு விடை புள்ளிகள். 15 புள்ளி பெற்றால் இயலாதவர். குறைந்தால் வேலைக்குத் தகுதியானவர். மதிப்பிடும் வேலையைத் தனியாருக்கு ஒப்பந்தம் விட்டனர். கண்டனம் குவிந்தது, அட்டோஸ் நிறுவனம் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே 2015இல் விலகியது, அந்த இடத்துக்கு மாக்சிமஸ் என்னும் மற்றொரு நிறுவனம் வந்தது. மனநோயுற்றோருக்கு இந்த நடைமுறை பாதகமாக உள்ளதென 2013இல் மேல் தீர்ப்பாயம் கூறியது. அதே ஆண்டில் வந்த தனிநபர் சார்பின்மைத் தொகைத் திட்டம், நடமாட்டத்துக்கான உயர் தொகைக்கு 20 மீட்டர் என்ற கோட்டை வரைந்தது. பழைய திட்டத்தில் நடைமுறை அளவு 50 மீட்டர். கோடு நகர்ந்தது, கால்கள் குணமாகவில்லை! மறுக்கப்பட்டுத் தீர்ப்பாயத்தின் விசாரணைவரை சென்றவர்களிலே பாதிக்கும் மேற்பட்டோர் வென்றனர். பாதி விடைத்தாளைத் தவறாகத் திருத்தும் ஆசிரியரை எந்தப் பள்ளி வைத்திருக்கும்?

பணம் தரும் முறையிலும் பழைய வாடை வீசியது. 2013 முதல் படிப்படியாக வந்த ‘யுனிவர்சல் கிரெடிட்’ திட்டத்தில், முதல் தொகைக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். 2018இல் அது ஐந்தாயிற்று. இடையிலே பசித்தால் முன்பணம் உண்டு. ஆனால் அது கடன், பின்னர் பிடித்துக்கொள்ளப்படும். தம்பதியரின் தொகை பெரும்பாலும் ஒரே கணக்கில் சேர்கிறது. கணக்கு எவர் பெயரிலோ, அதிகாரமும் அவரிடமே. அதிகாரியின் நிபந்தனையை மீறியவருக்கு 2012 முதல் 2019 வரை அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டுக் காலத் தடை. 1911இன் சட்டம் ஆறு வாரத்தோடு நின்றதை வாசகர் நினைவுகூரட்டும்.

“அப்படியானால் தேர்வே வேண்டாமா? பொதுப்பணத்தை ஏமாற்றுக்காரர் சுருட்டட்டும் என்கிறீர்களா?” என்று நம்மை மடக்குவோர் உண்டு. தேர்வு வேண்டாமென்று நாம் கூறவில்லை. பொதுப்பணம் உழைப்பவன் தந்த பணம். அதற்குக் கணக்கு வேண்டும். ஆனால், எந்தத் தேர்வையும் நான்கு கேள்விகளால் உரசிப் பார்ப்போம். மெய்ப்பிக்கும் பொறுப்பு யார் தலையில்? கேட்கப்படுவது தேவையா, ஒழுக்கமா? மறுக்கப்பட்டவன் முறையிடச் சார்பற்ற மன்றம் உண்டா? முடிவு வரும்வரை அவன் வயிற்றுக்கு வழி என்ன? இந்த நான்குக்கும் நேர்மையான விடை சொல்லும் தேர்வு, தேவையுள்ளவனைக் கண்டெடுக்கும் சல்லடை. விடை சொல்லாத தேர்வு, தேவையுள்ளவனை விரட்டும் தடி. ஒர்க் ஹவுஸ் தடி. வருவாய்ச் சோதனை தடி. அடுப்படித் தேர்வும் தடியே.

ஏழ்மைக்கு ஏழையின் குணமே காரணம் என்ற நம்பிக்கைதான் இந்தத் தடியின் கைப்பிடி. ஊருக்கு ஊர் அதன் பெயர் வேறு. ஒரு நாட்டிலே அதைத் தலையெழுத்து என்பர். மற்றொரு நாட்டிலே சோம்பல் என்பர். 1930இலே முயற்சியாளராக இருந்த மக்கள் 1931இலே இலட்சக்கணக்கில் சோம்பேறிகளாகிவிட்டனரா? 1939இல் போர் வந்ததும் அதே ‘சோம்பேறிகள்’ எப்படி ஆலைகளை நிரப்பினர்? வேலை இருந்தபோது உழைத்தனர். இல்லாதபோது வரிசையில் நின்றனர். சிந்தித்துப் பார்ப்பவனுக்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

2025 மார்ச்சில் இங்கிலாந்து அரசு இன்னொரு முறை கோட்டை நகர்த்த முனைந்தது. ஏதேனும் ஒரு செயலில் மட்டும் நான்கு புள்ளி பெற்றால்தான் அன்றாட வாழ்வுக்கான தொகை கிட்டும் என்றது. மாற்றுத் திறனாளர் எதிர்த்தனர். ஆளுங்கட்சி உறுப்பினரே எதிர்த்தனர். சூலை முதல் நாள், விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, அந்தப் பிரிவு கைவிடப்பட்டது. ஆண்டோவரின் எலும்பு, பெல்ஃபாஸ்டின் தெரு, மெர்த்தரின் பெண்கள் ஆகிய அனைத்தின் தொடர்ச்சியே அது. விதி எழுதும் கை என்றும் மேசைக்கு அப்பால்தான் இருக்கிறது. அதைத் திருத்தி எழுதவைக்கும் கை, இப்பால் நிற்பவர்கள் சேர்ந்து உயர்த்தும் கை!